ஒரு கன்றில் இரண்டு மரங்கள்

சுவையான ஆப்பிள் ஒன்றைத் தின்று முடித்ததும், அதன் விதையைத் தொட்டியில் ஊன்றி வளர்த்தால் அதே பழம் கிடைக்குமா என்ற கேள்வி பலருக்கும் எழுவதுண்டு. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்தெடுத்த விதை பெரும்பாலும் முளைத்துவிடும்; நல்ல மண் வாய்த்தால் செடி தழைத்து வளரவும் செய்யும். ஆனால் அது என்றேனும் பூத்துக் காய்த்தாலும், வருகிற பழம் தின்ற பழத்தைப் போல இருக்காது. இதைவிட விந்தையானவை இன்னும் இரண்டு உண்டு: ஒரே ரகத்தின் பெயரைத் தாங்கிய இரண்டு கன்றுகளை ஒரே தோட்டத்தில் நட்டால், ஒன்று ஆளுயரத்தில் நின்றுவிட, மற்றொன்று மாடி உயரத்துக்குப் போய்விடலாம், வேறு சில தோட்டங்களில் இரண்டு ஆப்பிள் மரங்கள் அருகருகே பூத்துக் குலுங்கியும் ஒரு மரத்தில்கூடச் சரியாகக் காய் பிடிக்காமல் போகலாம்.

ஆப்பிள் கன்று வாங்கச் செல்பவர் நாற்றுப் பண்ணையில் முதலில் கேட்பது, “என்ன ரகம்?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகளில் அது கடைசிக்கு உரியது என்பதை, மேற்கண்ட மூன்று புதிர்களையும் அவிழ்த்துப் பார்த்தால் அறியலாம்.

குறுக்கே வெட்டிய பழம்

ஆப்பிளை வழக்கம்போல நெடுக்காக வெட்டாமல், இடையில் குறுக்காக வெட்டினால், நடுவே ஐந்து முனை விண்மீன் வடிவில் ஐந்து அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையிலும் வழக்கமாக இரண்டிரண்டு விதைகள் இருக்கும். பழம் ஒருபக்கம் சூம்பியிருந்தால், அந்தப் பக்கத்து அறையில் விதை இல்லாமலோ, வெறும் தோலாக ஒட்டிக்கொண்டோ இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். வளரும் விதையே சுற்றியுள்ள சதையைப் பெருக்கச் சொல்லும் வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கிறது என்பதால், விதை உருவாகாத பக்கத்தில் சதையும் திரள்வதில்லை.

இந்த ஐந்து அறைகளுக்கும் பூவில் ஐந்து சூல்முடிகள், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனிகள், இருந்தன. ஒரு சூல்முடியில் ஒரு மரத்தின் மகரந்தமும் அடுத்ததில் வேறொரு மரத்தின் மகரந்தமும் ஒட்டியிருக்கலாம். ஆகவே ஒரே பழத்திலுள்ள விதைகளுக்குத் தாய் ஒன்றே என்றாலும், தந்தை வெவ்வேறாக இருக்கக்கூடும். பழத்தின் சதையோ முழுக்க முழுக்கத் தாய்மரத்தின் உடல். அதில் தந்தைக்குப் பங்கில்லை. நாக்கு சுவைப்பது தாயை, மண்ணில் ஊன்றப்படுவது தாயும் தந்தையும் கலந்த புதிய உயிரை.

தந்தையே தெரிந்திருந்தாலும் கணிப்பு பலிக்காது. பெரும்பாலான ஆப்பிள் மரங்களின் உயிரணுவில் 34 நிறப்புரிகள் உள்ளன. பாரம்பரியச் செய்திகளைச் சுமக்கும் இந்த நிறப்புரிகள் 17 இணைகளாக அமைந்திருக்க, ஒவ்வோர் இணையிலும் இருக்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஏதேனும் ஒன்றே விதைக்குச் செல்கிறது. அதுவும் இடையில் துண்டு துண்டாகக் கலைந்து சேர்ந்த பிறகே செல்கிறது. எனவே விதை முளைத்த ஆப்பிள்கள் பெரும்பாலும் சிறியவையாக, புளிப்பாக, துவர்ப்பாக அமைகின்றன. சிறந்த ஆப்பிள் எப்போதாவதுதான் தோன்றும்.

அப்படித் தோன்றிய ஒன்றுக்கு இங்கிலாந்தின் பிராம்லி நல்ல சான்று. நாட்டிங்காம்ஷயரின் சௌத்வெல் என்னும் சிற்றூரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி 1809ஆம் ஆண்டு ஊன்றிய விதையிலிருந்து அந்த மரம் எழுந்தது. பின்னாளில் மேத்யூ பிராம்லி என்பவர் அந்த வீட்டை வாங்கினார்; மரத்தின் குச்சிகளை வெட்டி எடுத்துப் பெருக்க விரும்பிய ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுப் பண்ணையாளருக்கு, பழம் தம் பெயரில் விற்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1856ஆம் ஆண்டு ஒப்புதல் தந்தார். விதை ஊன்றியவரின் பெயர் மறைய, வீடு வாங்கியவரின் பெயர் நிலைத்தது. இன்று பிரிட்டனில் சமையலுக்கென வளர்க்கப்படும் புளிப்பு ஆப்பிள்களில் முதலிடம் இதற்கே. எங்கு நிற்கும் பிராம்லி மரமும், சௌத்வெல் மரத்தின் ஒரு துண்டு வழிவழியாக வெட்டப்பட்டு வளர்ந்ததே ஆகும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

துண்டு வெட்டி வளர்ப்பது என்றால், முருங்கைப் போத்தைப் போல நேராக மண்ணில் ஊன்றுவதன்று; ஆப்பிள் குச்சி அவ்வளவு எளிதில் வேர் விடாது. தமிழ்நாட்டில் ஒட்டு மாங்கன்று வாங்கியவர்கள் அறிந்த வழியே இங்கும் கையாளப்படுகிறது. வேரோடு நிற்கும் ஓர் இளஞ்செடியின் தலையை வெட்டிவிட்டு, விரும்பிய ரகத்தின் குச்சியை அதன்மீது பொருத்திக் கட்டுவார்கள். அல்லது அந்த ரகத்தின் ஒரே ஒரு மொட்டைப் பட்டையில் கீறிச் செருகுவார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி, மேலே வைப்பது ஒட்டுக்குச்சி. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படலம் இரண்டிலும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், சில வாரங்களில் இரண்டும் கூடி, நீரும் உணவும் தடையின்றிச் செல்லத் தொடங்கும். ஆனாலும் அவை ஒன்றாகிவிடுவதில்லை. கீழிருக்கும் உயிரணுக்கள் கடைசிவரை வேர்ச்செடியின் பாரம்பரியத்தையும், மேலிருப்பவை ஒட்டுக்குச்சியின் பாரம்பரியத்தையுமே கொண்டிருக்கும்.

பழத்தின் நிறத்தையும் சுவையையும் முடிவு செய்வது மேல்மரம். மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்தனையாவது ஆண்டில் காய்க்கும், காற்றுக்குத் தானே நிற்குமா என்பவற்றைப் பெருமளவு முடிவு செய்வது கீழ்மரம். குட்டை வேர்ச்செடிகள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்தன எனினும், ஒரே பெயரில் பண்ணைக்குப் பண்ணை வேறு வேறு செடிகள் விற்கப்பட்டதால், வாங்கியவர் நம்பி நட முடியாத நிலை இருந்தது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 1913ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில், ரொனால்ட் ஹாட்டன் பல நாடுகளின் வேர்ச்செடிகளைத் திரட்டி வளர்த்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, குழப்பமான பெயர்களை நீக்கி எண்களை இட்டார். இன்று உலகெங்கும் கன்றின் பெயர்ச்சீட்டில் காணப்படும் ‘எம்.9’ போன்ற குறிகளில் வரும் ‘எம்’ அந்த மாலிங்கைக் குறிப்பது. பின்னர் ஜான் இன்னஸ் நிறுவனத்தோடு இணைந்து, கம்பளி அசுவினி என்னும் வேர்ப்பூச்சியைத் தாங்கும் ‘எம்எம்’ வரிசையையும் அந்நிலையம் உருவாக்கியது.

இந்த எண்களில் வாங்குவோரை ஏமாற்றும் ஒரு சிறு பொறி உண்டு. அவை பட்டியலில் இடம்பெற்ற வரிசையைக் காட்டுமே அன்றி மரத்தின் அளவைக் காட்டமாட்டா. இருப்பவற்றுள் மிகக் குட்டையான எம்.27 இரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது, எம்.9 ஏறக்குறைய மூன்று மீட்டருக்குள் அடங்கும், எம்.26 அதைவிடச் சற்று உயரும், எம்எம்.106 நான்கு, ஐந்து மீட்டர் வளரும், எம்.25 ஏறிப் பறிக்க ஏணி வேண்டிய பெருமரமாகிவிடும். இந்த உயரங்களும் மேல்மரத்தின் இயல்பைப் பொறுத்துக் கூடும், குறையும். வலுத்து வளரும் பிராம்லியை எம்.26இல் ஒட்டினால், அது வேறு ரகத்தை எம்எம்.106இல் ஒட்டியதற்கு நிகராக வளர்ந்துவிடக்கூடும்.

வேர் எப்படித் தலையைக் குட்டையாக்குகிறது என்பதற்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: இளந்தளிரில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் பட்டை வழியே வேருக்கு இறங்க வேண்டும், எம்.9இன் பட்டையில் அது மெதுவாகவே இறங்குகிறது. வேருக்குக் குறைவாக வந்து சேருவதால், வேரும் மேல்நோக்கி அனுப்பும் வளர்ச்சித் தூண்டலைக் குறைத்துக்கொள்கிறது. அதன் வேரில் கட்டை குறைவு, பட்டை மிகுதி. நீளாமல் நின்ற கிளையில் பூமொட்டுகள் விரைவில் தோன்றுவதால், எம்.9 மரம் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்க, எம்.25 மரத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. இந்த விரைவுக்கு விலையும் உண்டு. எம்.9இன் வேர் எளிதில் முறிவது. காய்ப்பாரம் ஏறிய மரம் காற்றில் சாய்ந்துவிடாதிருக்க வாழ்நாள் முழுதும் ஊன்றுகால் தேவை. அடியில் புல் மண்டினாலோ மண் சத்தற்றதாயினோ மரம் மெலிந்துவிடும். இடம் சிறிது என்ற ஒரே காரணத்துக்காக மிகக் குட்டையான வேரைத் தேர்ந்தெடுப்பது, பராமரிக்க நேரமில்லாதவருக்குச் சரியான முடிவன்று.

குளிரை எண்ணும் மொட்டு

மரத்தின் பாகங்கள் பொருந்தினாலும் ஊர் பொருந்தாவிட்டால் பயனில்லை. ஆப்பிளின் மூதாதை மரங்கள் இன்றும் காடாக நிற்கும் இடம், கஜகஸ்தானை ஒட்டிய தியான் ஷான் மலைச்சரிவு. அங்கே குளிர்காலம் நீண்டது, கடுமையானது. நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயில் அடித்ததை நம்பி மலர்ந்துவிடும் மொட்டு, அடுத்து வரும் உறைபனியில் கருகிப்போகும். ஆகவே கோடையில் உருவாகும் ஆப்பிள் மொட்டு உறக்க நிலைக்குச் சென்று, போதிய அளவு குளிர் கடந்த பிறகே வெப்பத்துக்கு இசைந்து விரியும் இயல்பைப் பெற்றுள்ளது. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை நிலவும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டி, அதைக் ‘குளிர் நேரம்’ என்று தோட்டக்கலையில் குறிப்பர். வழக்கமான ஆப்பிள் ரகங்களுக்கு 800 முதல் 1,200 மணி நேரம் வரை இது தேவைப்படுகிறது.

இங்கிலாந்தில் நடுபவர் இந்தக் கணக்கைப் பார்க்கவே வேண்டியதில்லை. அங்குள்ள குளிர்காலம் தேவைக்கு மேலேயே தருகிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் வகைக் கன்றுகளை வரவழைத்து நட்ட இமாச்சலத்தின் கோட்கரும் அத்தகைய குளிர் நாடே. சென்னையிலோ ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், அங்கே அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. விதையிலிருந்து வந்தாலும் ஒட்டிலிருந்து வந்தாலும், அந்த வகை மரம் இலைகளோடு நிற்குமே தவிர ஒழுங்காகப் பூப்பதில்லை.

குளிர் குறைந்த இடங்களுக்கென இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் தோன்றிய டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் தாழ்ந்த பகுதியான பிலாஸ்பூரில் உழவர் ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த ‘எச்.ஆர்.எம்.என்-99’ ஆகிய ரகங்கள் உண்டு. வெப்ப நாட்டில் விளைய வைக்கும் வேறொரு தந்திரமும் கையாளப்படுகிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பாட்டு என்னும் மலை நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லும் முன்பே இலை நீங்கிவிடுவதால், அது குளிருக்குக் காத்திராமல் உடனே விரிந்து, ஆண்டுக்கு இரண்டு விளைச்சல் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர் பின்பற்றுவதற்கு அது பெரும்பாடு பிடித்த வேலை என்பதையும் சொல்ல வேண்டும்.

தன் மகரந்தத்தை மறுக்கும் பூ

எஞ்சியிருப்பது மூன்றாவது புதிர். தென்கிழக்கு இங்கிலாந்தில், வரிசை வீடு ஒன்றின் பின்புறம் ஆறு மீட்டர் அகலமுள்ள தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டார் விரும்புவது காக்ஸ் ஆரஞ்சு பிப்பின். 1825 வாக்கில் ரிச்சர்ட் காக்ஸ் என்பவர் கோல்ன்புரூக் ஊரில் வளர்த்தெடுத்த, ஆங்கிலேயர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ரகம். அகலத்தைப் பார்த்தால் எம்.26 வேரில் ஒட்டிய இரண்டு மரங்களை மூன்று மீட்டர் இடைவெளியில் நடலாம். இரண்டும் காக்ஸாகவே இருந்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஒவ்வோர் ஆப்பிள் மரத்திலும் ஓர் ‘அடையாள மரபணு’ உண்டு. அதன் வகைகளுக்கு ஆய்வாளர் எண்கள் இட்டுள்ளனர். மரத்துக்கு இரண்டு எண்கள். அதன் மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் அவற்றுள் ஒன்றை மட்டுமே சுமக்கும். பூவின் சூல்தண்டு, தன் இரண்டு எண்களுக்கும் உரிய நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது. உள்ளே குழல்போல நீண்டு வளரும் மகரந்தம் மற்ற எண்களின் நஞ்சையெல்லாம் முறிக்க வல்லது. தன் எண்ணுக்கு உரிய நஞ்சை முறிக்கும் புரதம் மட்டும் அதனிடம் இல்லை. ஆகவே சூல்தண்டின் எண்ணும் மகரந்தத்தின் எண்ணும் ஒன்றானால், மகரந்தக் குழல் பாதி வழியிலேயே நின்று மடிந்துவிடும். நெருங்கிய உறவில் கலப்பதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு இயற்கைக்கு நன்மை. ஒற்றை மரம் நட்டவருக்கு இழப்பு.

காக்ஸின் எண்கள் 5, 9. அதன் சொந்த மகரந்தத்தில் பாதி 5, பாதி 9, இரண்டுக்கும் வழியில்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு காக்ஸ் மரமும் ஒட்டுவழி வந்த அதே உயிர் என்பதால், அதன் மகரந்தமும் அவ்வாறே மறுக்கப்படும். சரி, வேறு ரகமாகக் கிட்ஸ் ஆரஞ்சு ரெட் நடலாம் என்று வீட்டார் எண்ணினால், நியூசிலாந்தில் காக்ஸையும் டெலிஷியஸையும் கலந்து உருவாக்கிய அந்த ரகம் பழத்தளவில் அருமையானதே. ஆனால் அது காக்ஸிடமிருந்து 5ஐயும், 9, 28 என்ற எண்களையுடைய டெலிஷியஸிடமிருந்து 9ஐயும் பெற்றுள்ளது. முடிவில் அதற்கும் 5, 9. பெயரிலும் பழத்திலும் வேறான இரு மரங்கள், ஒன்றுக்கொன்று மகரந்தம் தர இயலாதவையாக நிற்கும்.

அப்படியானால் பிராம்லி? அதன் உயிரணுவில் இணைக்குப் பதிலாக மும்மூன்றாக 51 நிறப்புரிகள் உள்ளன. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க இயலாததால், அதன் மகரந்தத்தில் பெரும்பகுதி மலடு. பிராம்லி பிற மரத்திடம் பெறுமே அன்றித் தர இயலாது. பிராம்லியைத் துணையாக நட்டால், இரண்டுக்கும் மகரந்தம் தர மூன்றாவது மரம் வேண்டும். கிட்ஸ் ஆரஞ்சு ரெட்டின் வழிவந்த காலாவின் எண்கள் 2, 5; அதன் மகரந்தத்தில் 5 என்ற பாதி வீணாக, 2 என்ற பாதி ஏற்கப்படும்; ஜேம்ஸ் கிரீவின் 5, 8உம் அவ்வாறே பாதிப் பயன் தரும். தேனீக்கள் கொண்டுவரும் மகரந்தம் தேவைக்குப் பன்மடங்கு மிகையானது என்பதால், வீட்டுத் தோட்டத்துக்குப் பாதிப் பொருத்தமே பெரும்பாலும் போதும். முழுப் பொருத்தம் வேண்டின் டிஸ்கவரி என்ற ரகம் உள்ளது. அதன் எண்கள் 10, 24.

பூக்கும் காலமும் ஒத்துவர வேண்டும். நாற்றுப் பண்ணைகள் ரகங்களைப் பூக்கும் வரிசைப்படி தொகுதிகளாகப் பிரித்து, சீட்டில் எண்ணாகவோ எழுத்தாகவோ குறிக்கின்றன. ஒரே தொகுதி அல்லது அடுத்தடுத்த தொகுதி என்றால் இசைவு. காக்ஸும் டிஸ்கவரியும் பருவத்தின் நடுவில் ஒன்றாகப் பூப்பவை. டிஸ்கவரி ஆகஸ்டில் பழுத்து, மரத்திலிருந்து பறித்த கையோடு தின்பதற்கு ஏற்றது. காக்ஸ் செப்டம்பர் கடைசியில் பறித்து, குளிர்காலம் வரை வைத்துத் தின்பதற்கு உரியது. ஆகவே எம்.26 வேரில் ஒரு காக்ஸ், ஒரு டிஸ்கவரி என்பது அந்தத் தோட்டத்துக்குப் பொருந்தும் விடை. அக்கம்பக்கத்து வேலிகளுக்கு அப்பால் ஏற்கெனவே ஆப்பிளோ, அழகுக்காக வளர்க்கும் காட்டு ஆப்பிளோ உரிய காலத்தில் பூத்து நின்றால், இரண்டாவது மரம் இல்லாமலும் காரியம் நடக்கும். நகர்ப்புறத் தோட்டங்களில் இந்த வாய்ப்பு மிகுதி.

காக்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அதன் நறுமணம் புகழ்பெற்றது போலவே, பழத்திலும் இலையிலும் வரும் சொறிநோய்க்கும் கிளையை அரிக்கும் புற்றுநோய்க்கும் அது எளிதில் இரையாவதும் தோட்டக்காரர் அறிந்ததே; ஈரமும் குளிரும் மிகுந்த வடக்குப் பகுதிகளில் அது தேறுவதில்லை. கடைப்பழத்தின் பெயரைக் கன்றிலும் தேடுவோர், தொழில்முறைத் தோட்டங்களில் அந்தப் பழம் எத்தனை முறை மருந்தடித்துக் காக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வாங்கும் நாளில்

இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில், மண் நீக்கிய வெறும் வேரோடு கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. தொட்டிக் கன்று ஆண்டு முழுதும் கிடைக்கும். ஆனால் விலை கூடுதல், ரகங்கள் குறைவு. தொட்டியில் நெடுநாள் நின்ற கன்றின் வேர்கள் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றிக் கட்டையாகிவிட்டிருந்தால், நட்ட பிறகும் அவை வெளியே பரவ மறுக்கும். வெறும் வேர்க் கன்றில் மறைக்க ஒன்றுமில்லை. நுண்வேர்கள் நிறைந்துள்ளனவா, உலர்ந்து சுருங்கியுள்ளனவா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

வேருக்கு மேலே ஒரு சாணளவு உயரத்தில் தண்டு சற்றே வளைந்தோ புடைத்தோ இருக்கும். அதுவே ஒட்டு கூடிய இடம். அதற்குக் கீழே பட்டையின் நிறமும் அதற்கு மேலே உள்ள நிறமும் பல கன்றுகளில் வேறுபட்டே தெரியும். அங்கே வெடிப்போ கறுத்த அழுகலோ காணப்படாமல், காயம் முழுதாக மூடியிருக்க வேண்டும். சீட்டில் மேல்மரத்தின் பெயர் மட்டும் இருந்து வேர்ச்செடியின் எண் இல்லையென்றால், பண்ணையாளரிடம் கேட்பது முறை. அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்தக் கன்றை விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் அதன் உயரத்தையும் காய்க்கும் ஆண்டையும் இனி யாராலும் சொல்ல இயலாது. ஆளுயரம் வளர்ந்து கிளைத்து நிற்கும் கன்றுக்குக் கூடுதல் விலை தருவதும் பெரும்பாலும் வீண். ஓராண்டுக் கன்று இழக்கும் வேர் குறைவாதலால், புதிய மண்ணில் விரைவில் ஊன்றிச் சில ஆண்டுகளில் பெரிய கன்றை எட்டிப்பிடித்துவிடும். விரும்பிய வடிவில் கவாத்து செய்து வளர்க்கவும் அதுவே வளைந்துகொடுக்கும். பழைய ஆப்பிள் மரம் பட்டுப்போன அதே குழியில் புதியதை நடலாகாது. அந்த மண்ணில் தங்கிய நுண்ணுயிர்கள் இளவேரைத் தாக்கி வளர்ச்சியை முடக்குவதுண்டு.

நடும்போது ஒட்டுக் கூடிய இடம் மண்மட்டத்துக்குப் பத்துச் சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று கருதி அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டால், நாளடைவில் மேல்மரமே தன் பட்டையிலிருந்து சொந்த வேர்களை விடக்கூடும். அதன்பின் கீழிருக்கும் எம்.26இன் கட்டுப்பாடு மரத்துக்கு இல்லாமல் போக, மூன்று மீட்டருக்குத் திட்டமிட்ட மரம் வேலியைத் தாண்டி வளரத் தொடங்கும், பூப்பதும் பின்தள்ளிப்போகும்.